சாய்ந்த கட்டை

காமயகவுண்டன்பட்டிக்கு டவுன் பஸ் ஏறும்போது, செத்துப்போன ஒருத்தியின் வீட்டுக்குப் போகிறோம் என்றுதான் டாக்டர் ரிஸ்வானா நினைத்திருந்தார். ஆடி மாதம். மேற்கே மலையே தெரியவில்லை. கேரளத்துப் பக்கமிருந்து இறங்கிய சாரல் காற்றில் அலைந்து பஸ்ஸுக்குள் எல்லோர் முகத்திலும் பூவாளியாகத் தெளித்தது. பக்கத்தில் வைகுண்டராஜ், மடியில் இருந்த நீள நோட்டு நனையாமல் அதன்மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஒண்ணுதானா டாக்டரம்மா?"

"ஒண்ணுதாண்ணே. நம்பர் நாப்பத்தொண்ணு. மொக்கம்மாள், கணவர் ராக்கையா. காளியம்மன் கோயில் தெரு."

"தேதி கேட்டுட்டு ரெண்டு மணி வண்டிக்குத் திரும்பிறலாம்."

தேதி என்று அவர் சொன்னது, செத்த தேதியை.

ரிஸ்வானா உத்தமபாளையத்து ஏலக்காய் வியாபாரி நத்தர்ஷாவின் மகள். டாக்டர் என்றாலும் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. நோயாளியின் உடம்பில் கிள்ளி எடுத்த சதைத் துண்டை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, ஸ்லைடு என்கிற கண்ணாடித் தகட்டில் ஏந்திச் சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, இன்ன நோய் என்று எழுதித் தருகிற டாக்டர். மதுரையில் ஒரு கல்லூரியில் இருபத்தெட்டு வருஷம் அந்த வேலைதான். போன வருஷம் ஓய்வு பெற்று, உத்தமபாளையத்தில் தம்பி வீட்டு மாடிக்கு வந்துவிட்டார். பழனிசெட்டிபட்டியில் இரண்டு அறை பிடித்து ஒரு சின்ன லேப் வைத்திருந்தார். கூடவே வந்தவர் வைகுண்டராஜ். பழனிசெட்டிபட்டிதான் அவருக்குச் சொந்த ஊர். மெழுகில் பதிப்பதும் சீவுவதும் கல்லூரி நாளிலிருந்தே அவர் கை.

அந்த இருபத்தெட்டு வருஷமும் ரிஸ்வானாவின் மனதில் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. புகையிலை அடக்கி அடக்கி வாயில் புற்று வந்தவர்களில் சிலர் ஆறே மாதத்தில் போகிறார்கள், சிலர் பிழைத்துக்கொள்கிறார்கள். ஏன்? புற்றின் ஓரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பது அவருடைய எண்ணம். ஓரம் உதிரி உதிரியாகச் சிதறி, சின்னத் தீவுகளாக உள்ளே இறங்கியிருந்தால் அது கெட்ட ரகம். ஓரம் வழவழப்பாக, மொத்தமாகத் தள்ளிக்கொண்டு நின்றால் அது சாது. இதை நிரூபிக்கச் சதைத் துண்டு மட்டும் போதாது. அந்தத் துண்டுக்குரிய மனிதர் அதற்குப் பிறகு எத்தனை காலம் இருந்தார் என்று தெரிய வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் நூற்றுப் பன்னிரண்டு பேர். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் பாதிப் பேருக்கு முடிவே இல்லை. ஆகவேதான் இந்த வயதில், இடுப்பு வலியோடு, பஸ் பஸ்ஸாக ஏறி வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பஸ் ஸ்டாப்பை ஒட்டிய டீக்கடையில் வைகுண்டராஜ் விசாரித்தார்.

"ராக்கையா பொஞ்சாதி மொக்கம்மா? அது மக வீட்டுத் தோட்டத்துல இருக்கும். இந்நேரம் பழம் வெட்டுதுல்ல?" என்றார் கடைக்காரர்.

"வாயில ஆப்பரேசன் பண்ணுனாகளே, அந்தம்மா?"

"அதேதான். வாய்க்கா தாண்டி மூணாவது பந்தல்."

ரிஸ்வானா டீ கிளாஸை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு நடந்தார். வைகுண்டராஜ் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனார்.

கல்தூண்களின் மேல் கம்பி இழுத்த பந்தல். உள்ளே குனிந்து போனால் பச்சை வெளிச்சம். தலைக்கு மேலே பன்னீர்த் திராட்சை கருப்புக் கருப்பாகக் குலை தள்ளியிருந்தது. நாலைந்து பெண்கள் கத்தரிக்கோலால் காம்பை நறுக்கிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி, ஒடிசலான உடம்பு, சேலைத் தலைப்பால் மூக்குக்குக் கீழே முழுக்க மூடிக் கட்டியிருந்தாள். யாரும் காட்டித் தர வேண்டியிருக்கவில்லை.

"மொக்கம்மாக்கா" என்றார் ரிஸ்வானா. அவளுடைய கையைக் கத்தரிக்கோலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

மொக்கம்மாள் யாரென்று தெரியாமல் விழித்தாள். தொண்ணூற்றெட்டில், ஆப்பரேஷன் நடந்தபோது, அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. இப்போது அறுபத்தொன்பது. ரிஸ்வானா அவளைப் பார்ப்பதே இதுதான் முதல் தடவை. அவளுடைய கன்னத்துச் சதையில் நகக்கண் அளவுத் துண்டைத்தான் பார்த்திருக்கிறார்.

"நான் மதுரையில உங்க சதைய டெஸ்ட் பண்ணுன டாக்டர்க்கா. இருவத்தேழு வருசமாச்சு. நல்லா இருக்கீகளா?"

"இருக்கேன் தாயி" என்றாள் மொக்கம்மாள். கீழ்த்தாடையில் இடதுபாதி இல்லாததால் சொற்கள் காற்றோடு கலந்து வந்தன. கொஞ்ச நேரம் கேட்டால் காது பழகிவிடும். "எமன் என்னிய மறந்துட்டான். கணக்குல விட்டுப்போச்சு போல."

வைகுண்டராஜ் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நாற்பது சொச்சம் வீடுகளில் செத்த தேதி எழுதிய மனிதர் அவர்.

மகள் ராஜாத்தியும் மருமகன் பொன்னுராஜும் வந்தார்கள். பொன்னுராஜ் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார். பேசப்பேச விவரம் தெரிந்தது. ராக்கையா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. மொக்கம்மாள் விடிந்ததும் பந்தலுக்கு வந்துவிடுவாள், சோறு மெல்ல முடியாது, கேப்பைக் கூழும் கரைத்த இட்லியும்தான் ஆகாரம். பந்தல் நிறையப் பழம், ஒன்றை வாயில் போட்டால் சாறு இடதுபக்கமாக ஒழுகிவிடும் என்று சொல்லிச் சிரித்தாள். ராஜாத்தி மட்டும் சிரிக்கவில்லை. நாற்பத்தெட்டு வயது, அம்மாவைப் போலவே ஒடிசல்.

"இப்ப எதுக்கு வந்தீக? செத்துருச்சா இருக்கான்னு பாக்கவா?" என்று கேட்டாள்.

"ஏலே, வந்தவுக கிட்ட என்ன பேச்சு பேசுற?" என்று மொக்கம்மாள் அதட்டினாள்.

ராஜாத்தி வாயைத் திறந்து பேசியபோதே ரிஸ்வானா பார்த்துவிட்டிருந்தார். உதட்டோரத்துக்கு உள்ளே, கன்னத்தில், சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை. அதன் நடுவே ஒரு சிவப்பு.

"நீங்களும் வெத்தல போடுவீகளாம்மா? காரம் எரியுதா?"

ராஜாத்தி சட்டென்று வாயை மூடினாள். பொன்னுராஜ்தான் பதில் சொன்னார். "மூணு மாசமா ரசமே எரியுதுங்குறா டாக்டரம்மா. நானும் சொல்லிப் பாத்துட்டேன். கம்பத்து ஆஸ்பத்திரிக்குக்கூட வரமாட்டேங்குறா."

"ஒரு சின்ன கிள்ளு எடுத்துப் பாத்தா தெரிஞ்சு போகும்."

"இதேதான் சொன்னாக" என்றாள் ராஜாத்தி. "எங்காத்தாளுக்கும் இதேதான் சொன்னாக. சும்மா ஒரு கிள்ளு. கிள்ளிட்டு, பதினஞ்சாம் நாளு பாதி மூஞ்சிய எடுத்துட்டாக. எனக்கு அப்ப இருவத்தியோரு வயசு. மாப்ள வீட்டுக்காரக வந்து பாத்துட்டு, ஆத்தா அடுப்பங்கரைய விட்டு வெளிய வரவேணாம்னாக. என் கல்யாணத்துக்கு ஆத்தா மணவறைக்கு வரல. நீங்க பாத்த டெஸ்ட்டுதான? போங்க. எனக்கு ஒண்ணும் பாக்க வேணாம்."

பொன்னுராஜ் தலையைக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் என்றால் அவர் வீடுதான்.

மொக்கம்மாள் இரண்டு கிலோ பழத்தை நியூஸ்பேப்பரில் பொதிந்து வைகுண்டராஜின் கையில் திணித்து அனுப்பினாள்.

*

திரும்பும்போது வைகுண்டராஜுக்குக் குஷி தாளவில்லை. பழைய கதைகளாக அவிழ்த்துவிட்டார். கம்பத்தில் மாதம் ஒரு முகாம் நடத்திய காலம் அது. கிள்ளி எடுத்த துண்டுகளை ஃபார்மலின் பாட்டில்களில் போட்டு, ஒயர் கூடையில் அடுக்கி, மதுரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவார். ஒருமுறை கண்டக்டர், "என்ன அண்ணாச்சி, ஊறுகாயா? வாட கண்ணக் கரிக்குது" என்று ஒரு பாட்டிலைத் தூக்கிப் பார்க்க, சின்னமனூர் வரைக்கும் அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

"கரண்டு இல்லாத நாள்ல நீங்க சன்னலோரமா மைக்ரோஸ்கோப்பத் தூக்கிட்டுப் போயி கண்ணாடிய வெயிலுக்குத் திருப்பிக்கிட்டுப் பாப்பீகளே, ஞாவகம் இருக்கா? மேகம் மூடுனா, 'ஸ்லைடுக்கு அந்தி வந்துருச்சுண்ணே'ம்பீக."

ரிஸ்வானாவுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. மெழுகு உருகுகிற வாசம், சைலீன் ரசாயனத்தின் நெடி, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தபடியே ஸ்லைடைப் பார்த்து, பார்த்தபடியே சாப்பிட மறந்த மத்தியானங்கள். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. ஒரு ஸ்லைடைக் கண்ணில் வைத்தால் அந்த ஊதாவும் ரோஸும் ஒரு நாட்டு வரைபடம் போல விரியும். எங்கே நோய் எல்லை தாண்டியது என்று தேடிக்கொண்டே போகலாம். அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு வேலை செய்ததே இல்லை என்று அடிக்கடி நினைத்துக்கொள்வார்.

ஆனால் பஸ் உத்தமபாளையத்தை நெருங்கும்போது அந்தச் சந்தோஷத்துக்குள் ஒரு முள் தட்டுப்பட்டது. நாற்பத்தொன்றாம் எண் கெட்ட ரகம். உதிரித் தீவு ரகம். அந்த ரகத்தில் முப்பத்தாறு பேர். முப்பத்தைந்து பேரும் ஐந்து வருஷத்துக்குள் போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் இருபத்தேழு வருஷம் கழித்துப் பந்தலில் பழம் வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அண்ணே, நான் எறங்கல. லேப்புக்கே போயிருவோம்."

"எதுக்கு?"

"அந்தக் கட்டைய எடுக்கணும்."

சதைத் துண்டைப் பதித்த மெழுகை அவர்கள் கட்டை என்பார்கள். தீப்பெட்டியில் பாதி அளவு. கல்லூரியில் பழைய கட்டைகளைக் கழித்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ரிஸ்வானா எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, எல்லாவற்றையும் தகரப் பெட்டிகளில் கொண்டுவந்திருந்தார். வைகுண்டராஜ் இரண்டாவது பெட்டியில் நாற்பத்தொன்றை எடுத்தார். கூடவே பழைய ஸ்லைடையும்.

ரிஸ்வானா முதலில் ஸ்லைடைப் பார்த்தார். தீவுகள் இருந்தன. உதிரி உதிரியாக, சந்தேகமே இல்லாமல். இன்றைக்குக் கொடுத்தாலும் அதையேதான் எழுதுவார். மூச்சு வந்தது. பிறகு கட்டையைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன்பிறகு வெகுநேரம் அதைக் கீழே வைக்கவே இல்லை.

"அண்ணே, இத இங்கன பாருங்க. துண்டு எப்படி இருக்கு?"

வைகுண்டராஜ் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பார்த்த கண்ணை எடுக்காமல், "சாஞ்சிருக்கு" என்றார்.

தோலோடு சேர்ந்த சதையை மெழுகில் நிமிர்த்தி நிறுத்த வேண்டும். அப்போதுதான் சீவும்போது மேலிருந்து கீழ்வரை ஒழுங்காகத் தெரியும். சாய்ந்து படுத்துவிட்டால் குறுக்கே வெட்டுப்படும். பந்தல் தூண்களைக் குறுக்கே அறுத்தால் வட்ட வட்டமாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத துண்டுகளாகத் தெரியும் இல்லையா, அப்படி. தீவு மாதிரித் தெரியும். தீவாக இருக்காது.

வைகுண்டராஜ் சூடுதட்டைப் போட்டார். இருபத்தேழு வருஷத்து மெழுகு கண்ணாடி போல உருகி வழிந்தது. அதற்குள்ளிருந்த துண்டை இடுக்கியால் எடுத்து, லென்ஸ் வைத்துத் தோல் எந்தப் பக்கம் என்று பார்த்து, புது மெழுகில் நிமிர்த்தி நிறுத்தினார். ஐஸில் குளிரவைத்து, மைக்ரோடோம் என்கிற சீவும் எந்திரத்தில் ஏற்றிச் சீவினார். நாடா போலச் சுருண்டு வந்த மெழுகை வெந்நீரில் மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏந்தினார். சாயம் ஏற்றிக் காய்ந்து முடியச் சாயங்காலம் ஆனது.

ரிஸ்வானா பார்த்தார். தீவு ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் பக்கத்தில் ஊன்றிய யானைக்கால்கள் போல, தடித்த, வழவழப்பான ஓரம். எல்லையைத் தள்ளிக்கொண்டு நின்றதே தவிரத் தாண்டவில்லை. இதுவும் புற்றுதான். ஆனால் சாது. கட்டியையும் சுற்றிக் கொஞ்சம் சதையையும், கூடிப்போனால் எலும்பின் மேல்விளிம்பையும் எடுத்தால் போதும். பாதித் தாடையை எடுக்க வேண்டியதில்லை. கழுத்தைத் திறக்க வேண்டியதில்லை. தாடையை எடுத்த பிறகு வந்த பெரிய துண்டையும் தாமே பார்த்தது அவருக்கு ஞாபகம் வந்தது. அதில் எங்குமே தீவுகள் இல்லை. முதலில் எழுதியதில் அவருக்கு அவ்வளவு நிச்சயம். கெட்டதெல்லாம் முதல் கிள்ளிலேயே வந்துவிட்டது என்று அன்றைக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"நான்தான சாச்சு வச்சேன்" என்றார் வைகுண்டராஜ்.

"சாஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கிறது என் வேலைண்ணே. நிமித்தி வச்சு இன்னொரு தடவ சீவுங்கன்னு நான் சொல்லியிருக்கணும்."

வைகுண்டராஜ் நோட்டை எடுத்து விரித்தார். ஏதாவது நல்லது சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்தது. "ஒண்ணு பாத்தீகளா? நாப்பத்தொண்ண எடுத்துட்டா அந்த ரகத்துல மிச்ச முப்பத்தஞ்சும் ஒரே மாதிரி. நீங்க சொன்னது அச்சு பிசகாம நிரூபணம் ஆயிருச்சு."

இருபத்தெட்டு வருஷம் தேடியது கைக்கு வந்த நாள் அது. ரிஸ்வானா மைக்ரோஸ்கோப் விளக்கை அணைத்துவிட்டு, முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

*

மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தம்பி மனைவி ரஹ்மத் தேங்காய்ச் சோறும் கறிக்குழம்பும் மாடிக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆறியதை எடுத்துக்கொண்டு போனாள். நாலாம் நாள் லேப்பில் வைகுண்டராஜிடம் சொன்னார், "போயி சொல்லணும்ணே."

"சொல்லுங்க. யாரு வேணாம்னா? ஆனா இப்ப வேணாம்." அவரும் மூன்று நாள் யோசித்திருந்தார். "அந்தப் புள்ள வாயில இருக்கறத நீங்களே பாத்தீக. அது ஏற்கெனவே பயந்து கெடக்கு. ஆத்தாளுக்குப் பாத்தது தப்புன்னு இப்பப் போயி சொன்னா, அது சென்மத்துக்கும் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்குமா? மொதல்ல அதுக்கு வைத்தியம் ஆகட்டும். அப்பறம் சொல்லுவோம். ஒரு உசுரு டாக்டரம்மா."

"சொல்லாம அந்தப் பிள்ளைய எப்படிக் கூப்புட? 'என்னைய நம்பி வா'ன்னு கூப்புடணும். மனசுல இத வச்சுக்கிட்டு அந்த வார்த்தைய எப்படிச் சொல்ல?"

"உங்க மனசு ஆறுறதுக்காக அதோட உசுரப் பணயம் வைக்காதீக."

இந்தச் சொல் ரிஸ்வானாவுக்கு உறைத்தது. அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. இரண்டு பேரும் அன்று முழுக்க அவரவர் வேலையைப் பார்த்தார்கள். சாயங்காலம் பூட்டும்போது ரிஸ்வானா, "சொல்லாம இருந்து ஒருவேள அது நல்லாகி, அப்பறமா வேற ஆளு மூலமா தெரிஞ்சா, அது பிள்ளைக்கும் பேத்திக்கும் சேத்து ஆஸ்பத்திரி வேணாம்னு சொல்லும்ணே" என்றார். வைகுண்டராஜ் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, "அப்ப நானும் வாரேன். சாச்சு வச்சது நான்" என்றார்.

மறுநாள் இருவரும் காமயகவுண்டன்பட்டிக்குப் போனபோதும் சாரல் விடவில்லை. பழவெட்டு இல்லாததால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். ராஜாத்தி அம்மாவுக்குக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தாள். "உன்னையப் பாக்க வரலம்மா. அம்மா கிட்ட ஒண்ணு சொல்லணும். நீயும் கேளு" என்றார் ரிஸ்வானா.

அவர் சுற்றி வளைக்கவில்லை. சாய்ந்த துண்டு, தீவு போலத் தெரிந்தது, எழுதிக் கொடுத்தது, அதை நம்பி சர்ஜன் தாடையை எடுத்தது, இப்போது நிமிர்த்தி வைத்துப் பார்த்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். "உங்களுக்கு இருந்தது புத்துதான். எடுக்கத்தான் வேணும். ஆனா இவ்வளவு எடுத்திருக்க வேணாம். நான் தப்பா பாத்துட்டேன்க்கா."

"மெழுகுல சாச்சு வச்சது நான்" என்றார் வைகுண்டராஜ்.

மொக்கம்மாள் முகத்தில் கட்டியிருந்த தலைப்பை மெல்ல அவிழ்த்தாள். இடது பக்கம் குழிந்து, உதடு கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

"எம்புட்டு எடுத்திருப்பாக?"

ரிஸ்வானா தம் சுண்டுவிரலின் முதல் கணுவைக் காட்டினார்.

மொக்கம்மாள் அந்த விரலையே பார்த்தாள். பிறகு தன்னுடைய சுண்டுவிரலைத் தூக்கி, கன்னத்துப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். "அம்புட்டுத்தானா" என்றாள். கண்ணிலிருந்து வடிந்த தண்ணீர் பள்ளத்தில் இறங்கி உதட்டோரமாக வழிந்தது.

கூழ்ச்சட்டியைத் தரையில் அடித்து வைத்தாள் ராஜாத்தி. "எந்திரிங்க. ரெண்டு பேரும் எந்திரிங்க. எங்கப்பன் சாகுற வரைக்கும் எங்காத்தா பக்கத்துல உக்காந்து ஒரு வாய் தின்னதில்ல. ஊருல ஒரு விசேசத்துக்குப் போனதில்ல. இருவத்தேழு வருசம். தப்பா பாத்துட்டேன்னு ஒத்த வார்த்தையில சொல்லிட்டா ஆச்சா? வெளிய போங்க!"

பொன்னுராஜ் அவளைப் பிடித்துக்கொண்டார். இருவரும் எழுந்து மழையிலேயே நடந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் வைகுண்டராஜ் ஒரு வார்த்தைகூட, "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை. அதற்காக ரிஸ்வானா அவருக்குக் கடைசிவரை நன்றியோடு இருந்தார்.

*

ஆவணி பிறந்து எட்டாம் நாள், பகல் பதினொரு மணி இருக்கும். லேப் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முதலில் மொக்கம்மாள் இறங்கினாள். அவளுடைய பிடியில் ராஜாத்தியின் மணிக்கட்டு. பின்னால் பொன்னுராஜ், பையோடு.

"இந்தா தாயி, கூட்டியாந்துட்டேன். பாரு" என்றாள் மொக்கம்மாள்.

ரிஸ்வானா நாற்காலியை இழுத்துப் போட்டார். ராஜாத்தி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"எப்படிக்கா மனசு வந்துச்சு?"

"எங்க வந்துச்சு? ரெண்டு நா பச்சத்தண்ணி எறங்கல. உன்னிய வையாத வசவில்ல. எங்க ஊரு காளி கிட்டக்க மண்ணத் தூத்திச் சாபம் விட்டுட்டு வந்துருவமான்னு இருந்துச்சு." மூச்சு வாங்க நிறுத்தினாள். "அப்பறம் ரோசிச்சுப் பாத்தேன். நானும் எத்தன ஆஸ்பத்திரி ஏறி எறங்கியிருக்கேன். எங்க வீட்டுக்காரருக்கு, பேரனுக்கு, எனக்கு. நான் தப்பு பண்ணிட்டேன்னு எவுக சொன்னாக? ஒருத்தரு சொல்லல. நீ சொல்லலேன்னா எனக்குத் தெரியப்போகுதா? பஸ்ஸேறி வந்து சொன்னே. இவகிட்டச் சொன்னேன். ஏலே, அந்தம்மா இனிமே ஒண்ணுக்குப் பத்து தடவ பயந்து பயந்து பாக்கும், அங்கனதான் நீ காட்டணும்னேன். வரமாட்டேன்னா. நீ வராட்டி நான் கூழு குடிக்கமாட்டேன்னு ஒக்காந்துட்டேன். மூணு வேள. மருமகனும் அழுதாக. கெளம்பிட்டா."

கிள்ளி எடுக்கிற வேலையைத் தேனியில் ஒரு சர்ஜன் செய்தார். துண்டு வந்ததும் வைகுண்டராஜ் லென்ஸை வைத்துக்கொண்டு அதை மெழுகில் நிறுத்தினார். ஒருமுறை நிறுத்தியதை உருக்கி மறுபடி நிறுத்தினார். ரிஸ்வானா வந்து பார்த்துத் தலையசைத்த பிறகுதான் சீவினார். ரிஸ்வானா தாம் பார்த்ததைத் தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டினார். பிறகு அதே கட்டையிலிருந்து சீவிய இரண்டு ஸ்லைடுகளை, பெயரோ ஊரோ எழுதாமல், மதுரையில் ஒரு டாக்டருக்கும் சென்னையில் ஒரு டாக்டருக்கும் அனுப்பினார். ஆறு நாள் கழித்து இரண்டு பதிலும் வந்தன. பொன்னுராஜை எதிரே உட்காரவைத்துத்தான் உறையைப் பிரித்தார். மூன்றும் ஒன்றையே சொல்லின. புற்றின் ஆரம்பம்தான், ஓரம் சிதறத் தொடங்குகிற நேரம். ஆறு மாதம் தள்ளியிருந்தால் கை மீறியிருக்கும்.

புரட்டாசி முதல் வாரத்தில் ராஜாத்திக்குக் கன்னத்து உள்சதையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு எடுத்துத் தைத்தார்கள். எலும்பில் கை வைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் மொக்கம்மாள் முகத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தையல் பிரித்த அன்று ராஜாத்தி கண்ணாடி கேட்டு வாங்கி, தாடையை இரண்டு பக்கமும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

ஐப்பசி முழுக்க ரிஸ்வானா கட்டுரையை எழுதினார். நாற்பத்தொன்றாம் எண்ணை அட்டவணையில் கெட்ட ரகத்திலிருந்து ஓசைப்படாமல் எடுத்துச் சாது ரகத்தில் போட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கினார். துண்டு சாய்ந்திருந்தது, தாம் தவறாகப் படித்தது, அதனால் ஒரு பெண்ணுக்குத் தேவைக்கு மேல் வெட்டு நேர்ந்தது, சாய்ந்த கட்டையை நிமிர்த்தாமல் யாரும் முடிவு எழுதக் கூடாது என்று எழுதினார். இரண்டு ஸ்லைடுகளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். எழுதியவர் பெயர்களில் இரண்டாவதாக வைகுண்டராஜ் என்று இருந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "எம்பேர இதுல போட்டா தப்புக்கும் சேத்துத்தான்" என்றார். "ஆமாண்ணே, ரெண்டுக்கும் சேத்துத்தான்" என்றார் ரிஸ்வானா.

தை மாதம் மறுபரிசோதனைக்கு ராஜாத்தி தனியாக வந்தாள். தோட்டத்தில் பழவெட்டு, பொன்னுராஜால் வரமுடியவில்லை. வெளியே பளிச்சென்று வெயில். ரிஸ்வானா டார்ச் அடித்து, கையுறை போட்ட விரலால் கன்னம் முழுக்க, கழுத்து முழுக்கத் தடவிப் பார்த்தார். ஒருமுறை பார்த்து முடித்து, திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார்.

"சுத்தமா இருக்கு. வெத்தல?"

"விட்டாச்சு."

ராஜாத்தி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். கதவு வரைக்கும் போனவள் நின்றாள்.

"ஆத்தா உங்கள மன்னிச்சிருச்சு. தெருவுல எல்லார்கிட்டயும் எங்க டாக்டரு எங்க டாக்டருன்னு சொல்லிட்டுத் திரியுது."

ரிஸ்வானா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"நான் மன்னிக்கல" என்றாள் ராஜாத்தி. குரலில் கோபம் இல்லை. உள்ளதைச் சொல்கிற குரல். "உங்களால நான் உசுரோட இருக்கேன். அது எனக்குத் தெரியும். ஆனா அடுப்பங்கரையில எங்காத்தா ஒக்காந்திருந்தத நெனச்சா என்னால முடியல. பொய் சொல்லக் கூடாதுல்ல, அதான் சொல்றேன்."

"சரிம்மா" என்றார் ரிஸ்வானா. "மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டணும். அத மட்டும் விட்டுறாத" என்றார்.

ராஜாத்தி பையைத் தோளில் மாட்டினாள்.

"சித்திரையில எந்தக் கெழம வரட்டும்?"